சுற்றுப்பலகைக்கு வாய்ச்சொல் போதாது

தாராவியின் தையல், தோல் பட்டறைகளில் ‘ஜாப் ஒர்க்’ என்பது பழகிய வழக்கம். துணியும் தோலும் வணிகருடையவை, உழைப்பு பட்டறையுடையது. பெரும்பாலும் வாய்ச்சொல்லே ஒப்பந்தம். தையல் கோணலானால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மின்னணுச் சுற்றுப்பலகைகளை வெளியே செய்து வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றனர். இது ஏற்புடையதன்று என்பதே எங்கள் கருத்து.

செம்பூரில் ஒரு சிறு நிறுவனம் மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது எனக் கொள்வோம். வடிவமைப்பு அதனுடையது; பாகங்களைப் பொருத்திப் பற்றவைப்பவர் வேறொருவர். குறித்த மின்தேக்கி கிடைக்காதபோது, அதே மதிப்புள்ள, ஆனால் குறைந்த வெப்பமே தாங்கும் வேறொன்றை அவர் வைத்துவிடக்கூடும். பலகை அன்று இயங்கும். ஆறு மாதம் கழித்து, வாங்கியவரின் ஆலையில் நின்றுபோகும். நட்டம் யாருக்கு? கெர்பர் கோப்பும், தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் அடங்கிய உதிரிப்பாகப் பட்டியலும் கொள்முதல் ஆணையோடு இணைந்திருந்தால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். எழுத்து ஒப்புதலின்றி மாற்றுப்பாகம் கூடாது என்ற ஒரு வரியும் அதில் வேண்டும். விலை குறைகிறதே என்று, மாதிரிப் பலகைகளைச் சோதிக்குமுன் ஆயிரத்துக்கு ஆணையிடுவது நடைமுறை மூலதனத்தை முடக்கும் வழி.

லாமிங்டன் சாலையில் நீங்களே பாகங்களை வாங்கி அனுப்பினால், அவை அவரிடம் இருப்பினும் உங்கள் சரக்கே. வங்கிக்குத் தரும் சரக்கு அறிக்கையில் தனியே காட்டுங்கள். ஓராண்டுக்குள் அவை திரும்பாவிடில், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி ஜிஎஸ்டி விதிக்கப்படும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லவேண்டும். பெருநிறுவனங்கள் பணம் தராமல் இழுத்தடிப்பதாக எங்களிடம் முறையிடுவோருள் சிலர், பலகை செய்து தந்தவரை மூன்று மாதம் காக்கவைக்கின்றனர். அவரும் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலராயின், 2006ஆம் ஆண்டின் சட்டம் அவரையும் காக்கும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். இல்லையெனில் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கில் மாதாந்தரக் கூட்டுவட்டி. 2024-25 மதிப்பீட்டாண்டு முதல், கெடு தாண்டிய தொகையைச் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலும்.

வாங்குபவருக்கும் இச்சட்டத்தில் ஒரு காப்பு உண்டு. சரக்கு வந்த 15 நாளுக்குள் குறையை எழுத்தில் தெரிவித்தால், அக்குறை நீக்கப்பட்ட நாளிலிருந்தே கெடு தொடங்கும். பலகைப் பெட்டியைப் பிரிக்காமல் கிடங்கில் அடுக்கிவைப்போருக்கு இக்காப்பு கிட்டாது.