மலடிப் பட்டம் யாருக்கு?

கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் குழந்தையில்லை என்றால், ஊர் வாய் பெண்ணைத்தான் பழிக்கிறது. புருஷன் எந்த உலையில் வேகிறான் என்று எவரும் கேட்பதில்லை.

திருவள்ளூர் ஜில்லா கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய பாட்டரிகளிலிருந்து ஈயம் உருக்கியெடுக்கும் ஆலைகள் இயங்குகின்றன. ஈயப் புகையும் தூளும் மூச்சோடும் சோற்றோடும் உடலில் புகுந்து, ரத்தத்தில் கலந்து, எலும்பில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். அளவு மிஞ்சினால் ஆணின் விந்தணுக்கள் குறையும். ஹார்மோன் சுரப்பும் கெடக்கூடும். வேலையுடுப்பில் ஒட்டிய தூள் வீட்டிலுள்ள குழந்தைகளையும் தாக்கும்.

வெட்கத்தை விட்டுப் பேசியதால் உண்மை வெளிவந்த சரித்திரம் உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் லாத்ராப் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளர்கள், தங்களுக்குக் குழந்தை பிறக்காததைப் பற்றித் தமக்குள் பேசினார்கள், பரிசோதனை கோரினார்கள். டி.பி.சி.பி. என்ற மருந்தே காரணம் என்பது 1977-ல் அம்பலமாயிற்று. அது எலிகளின் விதைகளைச் சுருக்கும் என்பதோ 1961-லேயே ஆராய்ச்சி சொன்ன சங்கதி!

நம் நாட்டில் ஈய நச்சு, 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக வகுக்கப்பட்டது. ஏட்டில் எழுதினால் போதுமா?

வடநாட்டிலிருந்து வந்த காண்டிராக்ட் தொழிலாளி உட்பட அனைவருக்கும் காலந்தவறாத ரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவு அவரவர் கையில் தரப்பட வேண்டும். அளவு மிஞ்சியவருக்குச் சம்பளம் குறையாமல் வேறு வேலை வேண்டும். புகையை உறிஞ்சி வெளியேற்றும் சாதனமும், குளிக்கும் வசதியும், ஆலையிலேயே உடுப்பு வெளுக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இது வீட்டுக்குள் மறைக்கும் அவமானமல்ல. கேட் கூட்டத்தில் உரக்க எழுப்ப வேண்டிய கோரிக்கை!