பூஜ்யத்தில் ஏன் சார் ஆரம்பிக்குது?

சி மொழி வகுப்பில் அரே பாடம் நடக்கும் நாளில் பல கல்லூரிகளில் ஒரே காட்சிதான். "ஐந்து மதிப்பெண்ணுக்கு இடம் ஒதுக்கினால் இண்டெக்ஸ் 0 முதல் 4 வரை. எழுதிக்கோங்க." ஒருவன் எழுந்து, "1-லிருந்து ஏன் ஆரம்பிக்கக் கூடாது சார்?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "அது அப்படித்தான்பா, உட்காரு!"

இந்த 'அது அப்படித்தான்' இருக்கிறதே, அதுதான் பிரச்சினையே.

காரணத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இண்டெக்ஸ் என்பது வரிசை எண் அல்ல, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. முதல் மதிப்பெண் நினைவகத்தில் 1000-ஆம் முகவரியில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்[3] இருக்கும் இடம் 1000 + 3×4 = 1012. சரி, முதல் மதிப்பெண்ணுக்குப் போக எத்தனையைத் தாண்ட வேண்டும்? ஒன்றையும் தாண்ட வேண்டாம். அதனால் 0. அவ்வளவுதான் மேட்டர்!

பி.காம். மாணவனுக்கு இது புதிதே இல்லை. என்.பி.வி. கணக்கில் இன்று போடும் முதலீட்டை 0-ஆம் ஆண்டில்தானே எழுதுகிறான்?

0 ஒன்றும் வேதவாக்கும் அல்ல. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர் எல்லாம் 1-லிருந்து எண்ணுகின்றன. பாஸ்கலில் தொடக்க எண்ணை எழுதுபவரே முடிவு செய்யலாம். 0-தான் சரி என்று வாதாட டைக்ஸ்ட்ரா 1982-ல் ஒரு குறிப்பே எழுதினார். மேதைகள் வாதாடிய விஷயத்தைக் கேட்ட மாணவனை உட்காரச் சொல்வது என்ன நியாயம்?

மனப்பாடம் செய்தவன் லேபில் என்ன செய்வான்? பழக்கதோஷத்தில் லூப்பை 1 முதல் 5 வரை ஓட்டுவான். முதல் மதிப்பெண் கூட்டலில் விட்டுப்போகும். இல்லாத ஆறாவது இடத்தில் கிடக்கும் குப்பை உள்ளே வரும். ஜாவாவும் பைத்தானும் பிழை என்று கத்தி நிறுத்திவிடும். சி தானாக எல்லையைச் சோதிக்காது. பல சமயம் தப்பான மொத்தத்தைச் சத்தமில்லாமல் காட்டிவிட்டுப் போய்விடும்.

லேபில் போவது ஒரு மதிப்பெண். வெளியுலகில்? 2014-ல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் எல்லையைச் சரிபார்க்காததால் வந்ததுதான். ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் கசிந்தது.

ஆகவே மக்களே, அடுத்த முறை 'அது அப்படித்தான்' என்றால் உட்காராதீர்கள். போர்டில் ஐந்து கட்டம் போட்டு, மதிப்பெண்[5] எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்!