42 வயது வரை ஒரு கதவு



மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்லும் 'அமரன்' படம் வந்ததிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. கேட்பவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர். வங்கியில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர், மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடராக இருப்பவர், தனியார் பள்ளியில் வேதியியல் நடத்தும் ஆசிரியை. 'நல்ல வேலையில் இருக்கிறேன், குடும்பமும் ஆகிவிட்டது, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் ராணுவ அதிகாரியாகும் ஆசை விட்டுப்போகவில்லை. இனி வழியுண்டா?' என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லை. இந்த மாதப் பக்கம் அவர்களுக்கு.

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முழுநேர அதிகாரியாவதற்கான வழிகள் பெரும்பாலும் 27 வயதோடு அடைபட்டுவிடுகின்றன. பொறியாளர்களுக்கான டெக்னிக்கல் என்ட்ரி, சட்டம் படித்தவர்களுக்கான ஜட்ஜ் அட்வகேட் பிரிவு இரண்டுக்கும் அதுதான் எல்லை. மருத்துவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. பணியில் உயிர்நீத்த வீரர்களின் மனைவியருக்கு 35 வரை சலுகை இருக்கிறது.

அந்தச் சலுகையைப் பற்றிப் பேசும்போது சென்னைப் பரங்கிமலையை நினைக்காமல் இருக்க முடியாது. 1962 சீனப் போரை ஒட்டி ஏற்பட்ட அதிகாரிகள் பற்றாக்குறையை ஈடுகட்ட, 1963-ல் அங்கே தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. மேஜர் முகுந்த் வரதராஜன் 2006-ல் தோளில் நட்சத்திரம் ஏந்தி வெளியே வந்தது அங்கிருந்துதான். அதே மைதானத்தில் 2017 செப்டம்பரில் ஸ்வாதி மகாதிக் அதிகாரியானார். ஆசிரியையாக இருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015-ல் காஷ்மீரின் குப்வாராவில் வீரமரணம் அடைந்த பிறகு, தானும் சீருடை அணிவேன் என்று முடிவெடுத்தார். அவருக்கு 35 வயதும் கடந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் வயது வரம்பைத் தளர்த்தியது. தன்னைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்களோடு ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சியை முடித்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிமிர்ந்துகொள்கிறது.

நம் கடிதக்காரர்களுக்கான கதவு வேறு. டெரிடோரியல் ஆர்மி எனும் பிராந்திய ராணுவம். 1948-ல் இதற்கான சட்டம் வந்தது. மறு ஆண்டு அக்டோபர் 9 அன்று இதைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம் ராஜாஜி. பட்டம் பெற்றிருக்க வேண்டும். வயது 18 முதல் 42 வரை. ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் இடமுண்டு என்று 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு அதில் ஐயமில்லை.

இதில் என்னை மிகவும் ஈர்த்த நிபந்தனை ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவருக்குச் சொந்தமாக ஒரு பிழைப்பு இருந்தாக வேண்டும். வேலையில் இருக்க வேண்டும், அல்லது தொழில் செய்ய வேண்டும். 'இருக்கிற வேலை பிடிக்கவில்லை, அதனால் ராணுவம்' என்று எழுதியிருந்த அன்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகிறேன். தன் தொழிலில் காலூன்றி நிற்பவரைத்தான் இந்தப் படை கேட்கிறது. இது முழுநேர வாழ்க்கைத்தொழில் அன்று, ஓய்வூதியத்துக்கு உத்தரவாதமில்லை என்று அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். முதலாண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாத அதிகாரிப் பயிற்சி. சீருடையில் இருக்கும் நாள்களுக்கு நிரந்தர அதிகாரிகளைப் போலவே சம்பளம். படைப்பணி முடிந்து திரும்புகிறவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி 1948 சட்டத்திலேயே விதி இருக்கிறது.

அணிவகுப்பில் மட்டும் நிற்கும் படை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1962, 1965, 1971 போர்களில் இது பணியாற்றியது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் முற்றியபோது, இதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க அரசு அனுமதி தந்தது. அழைப்பு வந்தால் நாளைய கூட்டத்தையும் மாதக்கடைசிக் கணக்கையும் அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். வீட்டில் இதைப் பேசி முடிக்காமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள். கணவனோ மனைவியோ மனமாரச் சம்மதிப்பது மருத்துவச் சான்றைப் போலவே முக்கியம். அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இடங்கள் குறைவு. 2023 அறிவிப்பில் மொத்தம் 19, அதில் பெண்களுக்கு ஒன்றே ஒன்று. எழுத்துத் தேர்வில் கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம் கேட்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே சில மாதங்கள் படித்தால் கரையேறிவிடலாம். ஆரம்ப நேர்காணலையும் தாண்டினால் வருவது எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் சோதனை. பலரும் தடுமாறுவது அங்கேதான். நான் அதிகம் பேச விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

ஐந்து நாள். மார்பில் எண் கட்டிக்கொள்ள வேண்டும். அதன்பின் உங்களை அந்த எண்ணைச் சொல்லியே அழைப்பார்கள். முதல் நாளே ஒரு வடிகட்டல் நடந்து பெரும்பகுதியினர் வீடு திரும்புவார்கள். தங்கியவர்களுக்கு மறுநாள் உளவியல் தேர்வு. மங்கலான படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனத்தில் பட்டதை எழுத வேண்டும். 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பிறகு மைதானம். பலகை, கயிறு, மரக்கட்டை கொண்டு குழுவோடு தடைகளைக் கடக்க வேண்டும். நீண்ட நேர்காணல் ஒன்றும் உண்டு. பள்ளிக்கூட மதிப்பெண், பிடித்த ஆசிரியர், தம்பியோடு சண்டை, அலுவலகத்தில் ஒத்துவராத ஆள் என்று ஒரே மூச்சில் அடுக்கடுக்காகக் கேட்பார்கள்.

பயிற்சி மையங்களில் இதற்கெல்லாம் 'சரியான' விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். என் அன்பான வேண்டுகோள், அதைச் செய்யாதீர்கள். 15 விநாடியில் ஒருவர் எழுதுவது அவருடைய பழக்கத்திலிருந்து வரும். உளவியலாளர், மைதானத்தில் பார்த்தவர், நேர்காணல் செய்தவர் மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். ஒட்டவைத்த முகம் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நிற்காது.

வேலைபார்த்த அனுபவம் உங்களுக்குக் கைகொடுக்கும் இடமும் இதுதான். வெள்ளத்தில் பாதிப் பேர் வராத நாளில் கிளையைத் திறந்து நடத்திய வங்கி மேலாளருக்கு, 'உங்கள் ஆட்களில் சிலர் வரவில்லை, வேலை முடிய வேண்டும்' என்ற சூழ்நிலை கற்பனையன்று. சோதனைக்கூடத்தில் அமிலம் சிந்தியபோது நாற்பது பிள்ளைகளைப் பதறாமல் வெளியேற்றிய ஆசிரியைக்குத் தலைமைப் பண்பு பற்றிப் புத்தகம் தேவையில்லை. அதை அலங்காரமில்லாமல், நடந்தது நடந்தபடி சொன்னால் போதும். உங்கள் யோசனையை மற்றவர் மறுத்தபோது என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவர்கள் அறிவிப்பு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் முழங்கால்தான் கெடும். இன்றிலிருந்தே நடையாகத் தொடங்குங்கள். பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, தட்டைப் பாதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எல்லாக் கட்டமும் தாண்டிய பிறகு ராணுவ மருத்துவப் பரிசோதனையில் போய்த் தெரிந்துகொள்வது பெரிய வலி.

கோயம்புத்தூரில் இருக்கும் 110-வது பட்டாலியனிலோ வேறு பிரிவுகளிலோ பணியாற்றும், பணியாற்றிய வாசகர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். வாரநாளில் அலுவலகம், முகாம் வந்தால் சீருடை என்ற வாழ்க்கையை வீட்டார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். உங்கள் மனைவியோ கணவரோ எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த இதழில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்