நலவாழ்வுப் பகுதி: முகமும் மூச்சும்

பாலக்காட்டுக் கோட்டையை அறியாதார் நம்மவருள் இலர். 1766-ஆம் ஆண்டில் ஹைதர் அலி கட்டுவித்த அக்கோட்டை, மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790-இல், ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792-இல் முடிவுற்ற அப்போரிலே துன்புற்ற எளிய மனிதர் ஒருவர், உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்.

காவஸ்ஜி என்பது அவர் பெயர். ஆங்கிலப் படையில் மாடு ஓட்டியவர். திப்புவின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, புனேயின் அருகே, செங்கல் செய்வோர் மரபில் வந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். மெழுகால் அளவெடுத்து, அதனை நெற்றியில் பரப்பி வரைந்து, அவ்வளவு தோலைப் பெயர்த்தார். புருவங்களின் இடையே மட்டும் இணைப்பை அறுக்காது விட்டு, தோலைக் கீழே திருப்பிப் பொருத்தினார். அவ்விணைப்பின் வழியே குருதி ஓடியதால் தோல் பட்டுப்போகாமல் ஒட்டிக்கொண்டது. 1794-இல் இச்செய்தி லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. 1814-இல் கார்ப்பியூ என்னும் மருத்துவர் இம்முறையை அங்கே செய்து காட்டினார்.

முகம் சிதைந்தோர் ஆயிரக்கணக்கில் பெருகியது முதல் உலகப் போரிலேதான். பதுங்குகுழியினின்று தலையுயர்த்தியவர்களைக் குண்டுகள் தாக்கின. 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே ஹெரால்டு கில்லீஸ், தோலைக் குழாய்போற் சுருட்டிக் குருதியோட்டம் அறாமல் முகத்துக்குக் கொண்டு சேர்த்தார். முறிந்த தாடையைப் பல் மருத்துவர்கள் இணைத்து நிலைநிறுத்தினர்.

அப்போர் புகட்டிய பாடம் ஒன்று நமக்கும் உரியது. தாடை சிதைந்த வீரரை மல்லாத்திச் சுமந்தபோது, நாக்குப் பின்சரிந்து, குருதி தொண்டையை அடைத்து, மூச்சு முட்டிப் பலர் வழியிலேயே மாண்டனர். முன்குனிந்து அமர்ந்தவர்கள் பிழைத்தனர்.

மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி ஆகிய மலைப்பாதைகளில் வண்டி கவிழ்வதும், மருத்துவமனை தொலைவில் இருப்பதும் நாம் அறிந்தவையே. முகத்தில் அடிபட்டவர் நினைவோடிருப்பின், முன்சாய்ந்து அமரச் செய்து, வாயிலுள்ள குருதியை வெளியே வடியவிடுங்கள். நினைவிழந்திருப்பின், தலையும் கழுத்தும் உடலும் ஒருசேரத் திரும்புமாறு ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயில் நீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். வேரோடு விழுந்த பல்லைப் பாலில் இட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.

சிதைந்த முகத்தைச் சீராக்க மருத்துவர் உளர். அவரிடம் சேரும்வரை மூச்சைக் காப்பது உடனிருப்போர் கடமையாகும்.