தூக்கினா கெட்டுப் போயிடுமா?

1/ "தூக்கித் தூக்கிப் பழக்கிட்டா, அதான் தனியா விளையாட மாட்டேங்குது." ஓ.பி.யில பாட்டிகள் மருமகளைப் பார்த்து அடிக்கடி சொல்ற வசனம் இது. அந்த அம்மா தலை குனிஞ்சு நிப்பாங்க. தப்பு அவங்க மேல இல்லைங்க.

2/ உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயசுக் குழந்தைகளைக் கவனிச்சாங்க. அம்மா அறையில இருந்தா பொம்மையைத் தேடிப் போச்சு. அம்மா வெளியே போனதும் விளையாட்டு குறைஞ்சுது. பிணைப்பு உறுதியா இருந்த குழந்தைகள், அம்மா திரும்பி வந்து தேற்றினதும் மறுபடி விளையாடப் போயிடுச்சு.

3/ 1978-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 18 மாதத்தில் அப்படி உறுதியான பிணைப்பு இருந்த குழந்தைகள், 2 வயசில் பாவனை விளையாட்டில் அதிகம் ஈடுபட்டாங்க.

4/ அழுதா தூக்குங்க. அப்பாவும் தூக்கலாம், பாட்டியும் தூக்கலாம். போனை ஓரமா வச்சுட்டுத் தரையில உட்காருங்க. சொப்புல அது ஊத்தித் தர்ற காப்பியைக் குடிங்க. திரும்பி வர ஒரு மடி இருக்குன்னு தெரிஞ்ச குழந்தைதான் தைரியமா இறங்கிப் போகும்.