முள் சொன்ன பொய்

காரில் முன் ஸீட்டில் உட்காருகிற சகோதரிகளே, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு உட்காருங்கள்!

அக்கா வீட்டுக் கார் ஜப்பானில் செய்தது. லண்டனில் ஓடிவிட்டு இங்கே வந்தது. ஸ்பீடாமீட்டரில் மைல் எண்களை அப்படியே விட்டு, 'கி.மீ.' என்று மட்டும் யாரோ ஒட்டியிருந்தார்கள். அக்கா "மெதுவாக" என்பாள். அத்திம்பேர் முள்ளைக் காட்டுவார்.

கொல்லிமலைக்குப் போகையில், காளப்பநாயக்கன்பட்டிக்கு முன்பே சோதித்தேன். முள் 40-ல் நிற்க, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 விநாடி ஆகவேண்டும். 56-லேயே வந்துவிட்டது! உண்மை வேகம் 64. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர் அல்லவா?

மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். 20 என்று நம்பித் திரும்பினால் உண்மையில் 32!

உங்கள் காரிலும் இப்படியானால் எழுத்தை மாற்றிப் பயனில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி மீட்டரின் அளவையே திருத்துங்கள். 90-க்கு மேல் இரண்டொரு விநாடி கூடினால் கவலை வேண்டாம். ஸ்பீடாமீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும். பழைய வண்டியில் முள் துள்ளினால் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்று அத்திம்பேர் மலையில் ஊர்ந்தே போனார். "என் பேச்சை நம்ப ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது!" என்றாள் அக்கா.