எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

அட்டை என்றதும் நம்மில் பலருக்கு மழைக்காலத்தில் மலையேறப் போய், சாக்ஸுக்குள் கைவிட்டு அலறிய கதைதான் ஞாபகம் வரும். உப்பைத் தூவினோம், விழுந்தது, சிரித்தோம். நான் சொல்ல வருவது அந்த அட்டை இல்லை. உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற அட்டை.

நேபாள மலைக் கிராமங்களில் குழந்தைகள் ஓடையில் குனிந்து வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். அப்போது நூல் மாதிரி இருக்கும் குட்டி அட்டை மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ ஏறிவிடும் (டைனோப்டெல்லா ஃபெராக்ஸ் என்று பெயர்... பெயரே மிரட்டுகிறது). வாரக்கணக்கில் அங்கேயே தங்கி ரத்தம் குடித்து வளரும். பெரும்பாலும் வலிக்காது. மூக்கில் விட்டு விட்டு ரத்தம் வரும், அவ்வளவுதான். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது; 1884-லேயே ஹேகிராஃப்ட் கண்டுபிடித்துச் சொன்ன சங்கதி இது. அதனால் அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். பத்து கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். பெரியவர்கள் தாங்கிக்கொள்ளும் இழப்பு, அந்தக் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமை ஆகிவிடும்.

வங்கதேசத்தில் கதை வேறு. அங்கே பல கிராமங்களில் குளம்தான் குளியலறை. குளித்துவிட்டு வந்த சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பில் ரத்தப்போக்கு, காரணம் அட்டை என்று மருத்துவ இதழ்களில் குறிப்புகள் உண்டு. இப்படி ஒன்றை எத்தனை அம்மாக்கள் தயங்காமல் வெளியே சொல்வார்கள்? யாராவது குழந்தையிடம் தவறாக நடந்தார்களா என்றுதான் மருத்துவருக்கு முதல் சந்தேகம் வரும். வரவும் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூடவே "பாப்பா எங்கே குளித்தாள்?" என்று கேட்க எவ்வளவு செலவாகும்? காமர்ஸ் படிக்கிறவன் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், பூஜ்யம். கேட்காமல் விட்டால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அலைச்சல். அதோடு ஏதாவது ஒரு மாமாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ஊரே முறைத்துப் பார்க்கும். இது எந்த பில்லிலும் வராத செலவு.

இத்தனைக்கும் வைத்தியம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உப்புநீர் விட்டுக் கழுவினாலே பல சமயம் கழன்றுவிடும். மூக்கில் என்றால் மருத்துவர் மரத்துப்போக மருந்து விட்டு இடுக்கியால் எடுப்பார். வீட்டில் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்து மிச்சம் உள்ளே மாட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் சீட்டில் வயசு, எடை எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டுவிடலாம்: குளித்த தண்ணீர், குடித்த தண்ணீர்.